தண்ணீரமுதும் நோன்பும்

வைகுண்ட ஏகாதசியன்று திருக்கோயில்களில் காணக்கிடைக்கும் காட்சிகளுள் ஒன்று இது. விடியற்காலையில் பரமபத வாசல் திறந்தாயிற்று, எம்பெருமான் எழுந்தருளியாயிற்று. கதிரவன் ஏறி வெயில் மதிலின்மேல் விழுந்த பின்னும் சேவார்த்திகளின் வரிசை குறையவில்லை. வரிசையின் நடுவே எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டியார் நிற்கிறார். தசமியன்று மாலையிலேயே வாயைக் கட்டியவர், நீரும் அருந்தவில்லை. பக்கத்தில் மருமகள், கையில் ஒரு சொம்புடன்.

“அம்மா, உதடெல்லாம் காய்ந்திருக்கிறதே. ஒரு மிடறு தீர்த்தம் ஆகட்டும்.”

“துவாதசிப் பாரணை வரையில் பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது. நாற்பது வருஷமாய்க் காத்துவருகிற விரதம். இன்றைக்கு உன் கையால் கெட வேண்டாம்.”

சொம்பு தாழ்கிறது. மருமகள் மேலும் வற்புறுத்தினால் விரதபங்கம் செய்வித்த பாவம் வந்துசேருமோ என்ற அச்சம். வற்புறுத்தாமல் விட்டுப் பெரியவர் மயங்கி விழுந்தால் அது அதனினும் பெரிய பாவமாகுமோ என்ற அச்சம். இவ்விரண்டு அச்சங்களுக்கும் இடையே நிற்கும் மருமகளும் மகளும் மகனும் ஆண்டுதோறும் எத்தனை பேர்! இருவரில் யார் பக்கம் தர்மம் நிற்கிறது என்பது சிறிய கேள்வியன்று. அதற்கு விடை காண, அந்தச் சொம்பில் உள்ள நீர் மனித உடலுக்குள் என்னவாகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல் நலம்.

வைணவ இல்லங்களில் நீரை வெறும் நீர் என்று சொல்லும் வழக்கமில்லை. அது தீர்த்தம், எம்பெருமானுக்கு ஆகும்போது தண்ணீரமுது. நாரம் என்னும் சொல்லுக்கு நீர் என்றும் பொருள் உண்டு. நீரைத் தனக்கு இருப்பிடமாக உடையவன் நாராயணன் என்று மநுஸ்மிருதியும் விஷ்ணு புராணமும் அத்திருநாமத்திற்குப் பொருள் உரைக்கின்றன. பிரளய நீரைக் குறித்துச் சொன்ன சொல்தான் அது. ஆயினும் மனித உடலைப் பரிசோதித்த மருத்துவ அறிஞர்கள் தரும் கணக்கைப் பார்த்தால், பிரளய நீர் எங்கோ தொலைவில் இருப்பதாகத் தோன்றாது.

பிறந்த குழந்தையின் எடையில் நான்கில் மூன்று பங்கு நீரே. வளர்ந்த ஆடவரின் உடலில் நூற்றுக்கு 60 பங்கு. அதாவது 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறத்தாழ 42 லிட்டர் நீரைச் சுமந்து நடக்கிறார். பெண்டிர்க்கு இது சற்றுக் குறைவு. முதுமையில் யாவர்க்கும் இன்னும் குறைவு. இந்த நீரில் மூன்றில் இரண்டு பங்கு உயிரணுக்களுக்கு உள்ளே இருக்கிறது. இரத்தத்தின் தெளிநீராக ஓடுவது மூன்று லிட்டர் மட்டுமே. குளத்து நீர்போல் அது தேங்கி நிற்பதில்லை. சிறுநீரகங்கள் ஒரு நாளில் 180 லிட்டர் அளவுக்கு இரத்த நீரை வடிகட்டி, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கையும் திரும்ப உடலுக்கே கொடுத்துவிடுகின்றன. உயிரணுவின் சவ்வை நீர் எவ்வாறு இவ்வளவு விரைவில் கடக்கிறது என்பது நெடுங்காலம் விளங்காமல் இருந்தது. 1992-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் பீட்டர் ஆக்ரேயின் குழுவினர், அதற்கென்றே அமைந்த புரத வாயில் ஒன்று உண்டென்று நிறுவினர். ‘அக்குவாபோரின்’ என்று பெயரிடப்பட்ட அவ்வாயிலைக் கண்டறிந்தமைக்காக 2003-இல் அவருக்கு நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. நீரின் மூலக்கூறுகள் அதனூடே ஒன்றன்பின் ஒன்றாக, ஒற்றை வரிசையில்தான் செல்ல முடியும். பரமபத வாசலில் முண்டியடிக்கும் அன்பர்கள் இதனைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம்.

இனி மூளை. ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையுள்ள இவ்வுறுப்பில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நீர். அது போதாதென்று, மூளை முழுவதும் ஒரு தெளிந்த நீரில் மிதந்துகொண்டும் இருக்கிறது. மிதப்பதால் அதன் பாரம் ஐம்பது கிராம் அளவினதாகக் குறைந்துவிடுகிறது. இல்லையேல் தன் பாரத்தாலேயே தன் அடிப்பகுதியை அது நசுக்கிக்கொள்ளும். தலைக்குள்ளும் முதுகுத்தண்டினுள்ளும் சூழ்ந்திருக்கும் அந்நீர் 150 மில்லிலிட்டர்தான்; ஒரு நாளில் புதிதாய்ச் சுரப்பதோ அரை லிட்டர். அதாவது ஒரு நாளில் மூன்று முறைக்குக் குறையாமல் அத்தீர்த்தம் மாறுகிறது. பாசுரம் நினைவுக்கு வருவதும், விரதத்தை எண்ணி மனத்தில் உறுதி கொள்வதும், நரம்பணுக்களின் சவ்வைக் கடந்து சோடியமும் பொட்டாசியமும் உள்ளும் புறமும் ஓடுவதைச் சார்ந்தே நடைபெறுகின்றன. அவை கரைந்து ஓடும் ஊடகம் நீர்.

தாகம் என்பது தொண்டையில் எழுவதாகவே பலரும் எண்ணுகின்றனர். தொண்டை காய்வது உண்மையே. ஆனால் தாகத்தின் பிறப்பிடம் மூளையின் நடுவே, மூன்றாம் மூளையறையின் முன்சுவரில் இருக்கிறது. மூளையின் பெரும்பகுதிக்கு இரத்தத்திலிருந்து பாதுகாப்பான ஒரு தடுப்பு உண்டு. இச்சிறு இடத்தில் அத்தடுப்பு தளர்ந்திருக்கிறது. இங்குள்ள அணுக்கள் இரத்தத்தின் உவர்ப்பைச் சதாகாலமும் சுவைத்துப் பார்த்தவண்ணம் இருக்கின்றன என்றே சொல்லலாம். உவர்ப்பு நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு மிகுந்தாலும் போதும்; அவ்வணுக்கள் சுருங்கி, செய்தி அனுப்புகின்றன. பிட்யூட்டரிச் சுரப்பியின் பின்பகுதியிலிருந்து வாசோப்ரெஸின் என்னும் சுரப்பு நீர் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தைச் சிக்கனமாக இருக்கும்படி ஏவுகிறது. பின்னர்த் தாகம் எழுகிறது.

இதில் வியப்பான ஒரு செய்தி உண்டு. நீரைப் பருகியவுடனே, ஒரு நிமிஷத்திற்குள், தாகம் தணியத் தொடங்குகிறது. பருகிய நீர் குடலைக் கடந்து இரத்தத்தில் சேரப் பத்து நிமிஷத்திற்கு மேலும் ஆகலாம். அதாவது நீர் வந்துசேரும் முன்பே, ‘வருகிறது’ என்று நாவும் தொண்டையும் சொன்ன சொல்லை நம்பி மூளை அமைதி கொள்கிறது. சந்நிதியில் சாதிக்கப்படும் துளஸி தீர்த்தம் மூன்று சிறு கரண்டி அளவே ஆயினும் தவித்த வாய்க்கு அத்துணை ஆறுதலாய் இருப்பதற்கு, பக்தியோடு இதுவும் ஒரு காரணமாகலாம். ஆனால் நாவின் ஆறுதலை உடலின் ஆறுதல் என்று மயங்கலாகாது. அந்த நம்பிக்கைக்குப் பின்னே நீர் வராவிட்டால், மூளை மீண்டும் கேட்கத்தான் செய்யும்.

கேட்குமா என்பதுதான் முதுமையின் கேள்வி. முதியோரில் இக்கேட்கும் குரல் தாழ்ந்துவிடுகிறது. 1984-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், நோயற்ற முதிய ஆடவரையும் இளைஞரையும் 24 மணி நேரம் நீரின்றி இருக்கச் செய்து பார்த்தனர். முதியோரின் இரத்தத்தில் உவர்ப்பு மிகுந்தும் அவர்களுக்குத் தாகம் குறைவாகவே இருந்தது; நீரைக் கொடுத்தபோதும் இழந்ததை ஈடுசெய்யும் அளவுக்கு அவர்கள் பருகவில்லை. சிறுநீரகத்தின் சிக்கனமும் வயதோடு குறைந்துபோகிறது. ‘எனக்குத் தாகமே இல்லை’ என்று மூதாட்டியார் சொல்வது பொய்யன்று, வீம்புமன்று. அதனை விரதத்தின் சித்தி என்று அவரும் நினைக்கிறார், சுற்றத்தாரும் நினைக்கின்றனர். உள்ளபடி அது கேட்கும் குரலின் தளர்ச்சி. வெற்றி என்று எண்ணப்படுவது சில வேளை இழப்பாக இருப்பது இவ்வாறுதான்.

நீரை அருந்தாத நாளிலும் உடல் நீரை விடுத்துக்கொண்டே இருக்கிறது. கழிவை வெளியேற்ற அரை லிட்டர் சிறுநீராவது போயாக வேண்டும். தோலின் வழியும் மூச்சின் வழியும் முக்கால் லிட்டருக்குக் குறையாமல் கண்ணுக்குப் புலனாகாமல் நீங்குகிறது. திருமலையில் மார்கழி விடியலில் திருப்பாவை சேவிப்போரின் வாயிலிருந்து வெண்புகைபோல் எழுவது அந்த நீர்தான். உடலுக்குள் உணவும் கொழுப்பும் எரிவதால் சிறிதளவு நீர் புதிதாய்ப் பிறக்கிறது. அதனைக் கழித்தாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குறைகிறது. தசமி மாலை தொடங்கித் துவாதசிக் காலைவரை 36 மணி நேரம் ஆகிறது. ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவர்க்கு அது எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு இழப்பாகும். இளைஞர்க்கு இதனால் தலைவலியும் கவனச் சிதைவும் வரக்கூடும். முதியோர்க்கு, அதிலும் இரத்த அழுத்தத்திற்காகச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை உட்கொள்வோர்க்கும் நீரிழிவு உடையோர்க்கும், எழுந்து நிற்கையில் தலை சுற்றுகிறது. விழுந்தால் இடுப்பெலும்பு முறிகிறது. சிலர்க்குப் பேச்சுத் தடுமாறி, பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்கும் மயக்கமும் நேர்கிறது. மார்கழிக் குளிரில் தாகம் மேலும் மறைந்திருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இவ்வளவும் உடலைப் பற்றிய செய்தி. ‘உடல்தானே! அழியக்கூடிய இதன் பேச்சைக் கேட்டா விரதத்தை விடுவது?’ என்று ஒருவர் கேட்கலாம். கேட்பவர் பக்தியில் குறைந்தவரல்லர். ஆகவே அவருக்கு விடை மருத்துவ நூலிலிருந்து வருவதினும் வேதாந்தத்திலிருந்தே வருவது பொருத்தமாகும்.

சாந்தோக்ய உபநிஷத்தின் ஆறாம் அத்தியாயம் ஸத்வித்யை என்று போற்றப்படுவது. ஸ்ரீராமாநுஜ ஸித்தாந்தத்திற்கு இன்றியமையாத இடம் அது. அங்கே உத்தாலகர் தம் மகன் ச்வேதகேதுவுக்கு ஒரு சோதனை வைக்கிறார். பதினைந்து நாள் உண்ணாதே என்கிறார். ஆனால் நீரை வேண்டிய மட்டும் பருகு என்கிறார். பிராணன் நீர்மயமானது, நீரைப் பருகுகிறவனுக்கு உயிர் அறுந்துபோகாது என்பது அவர் கூறும் காரணம். மகன் அவ்வாறே இருந்தான். பதினைந்து நாளுக்குப் பின் வேதத்தைச் சொல் என்றபோது அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பெருந்தீ அணைந்து மின்மினி அளவு கனல் மட்டும் எஞ்சியதுபோல் நீ இருக்கிறாய். போய் உண்டு வா என்கிறார் தந்தை. உண்டு வந்தான், கேட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது.

இக்கதையைப் பலர் அன்னத்தின் பெருமைக்காகவே எடுத்துக்காட்டுவர். அதில் நீருக்கு உள்ள இடத்தைக் கவனிப்போர் சிலரே. மகனைப் பட்டினியால் சோதிக்கத் துணிந்த தந்தை, நீரில் கை வைக்கவில்லை. அன்னத்தை விட்டால் மனம் மங்கும். மீண்டும் உண்டால் தெளியும். நீரை விட்டால் மீட்பதற்கு மகன் இருக்க மாட்டான். உபவாசத்தின் எல்லையை உபநிஷத்தே வரைந்து காட்டியிருக்கிறது எனலாம்.

இதிலிருந்து மற்றொரு நுட்பமும் எழுகிறது. விரதம் பூணுவது எது? மனத்தின் உறுதி. அந்த உறுதியைத் தாங்கி நிற்கும் கருவியோ நீரால் நிறைந்தது, நீரில் மிதப்பது, நீரின்றி மங்குவது. நீரைத் துறக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அறிவும் நீரின் உதவியாலேயே தீர்மானிக்கிறது. துறவு முற்ற முற்ற, முதலில் தளர்வது துறந்தவரின் விவேகம். பொன்னையோ பதவியையோ துறப்பவர்க்கு இத்தகைய இடர் இல்லை. அவற்றைத் துறந்த பின்னும் துறந்த அறிவு குன்றாமல் நிற்கிறது. ஆசையை வெல்வதும் தாகத்தை வெல்வதும் ஒன்றே என்று கருதுவது இங்கேதான் பிழையாகிறது. உடல் தன்னைக் காக்கும்படி செய்யும் விண்ணப்பத்தை இந்திரியத்தின் சபலத்தோடு ஒன்றாக எண்ணுவது நியாயமன்று.

ஸ்ரீபாஷ்யத்தில் சரீரம் என்பதற்கு எம்பெருமானார் அருளிய இலக்கணம் யாவரும் அறிந்தது. ஒரு சேதநனால் எப்போதும் ஆளவும் தாங்கவும் படக்கூடியதாய், அவனுக்கே சேஷமாய் இருக்கும் திரவியம் அவனுக்குச் சரீரம். ஜீவனுக்கு இவ்வுடல் சரீரம். ஜீவனும் உடலும் உள்ளிட்ட அனைத்தும் எம்பெருமானுக்குச் சரீரம். ப்ருஹதாரண்யகத்தின் அந்தர்யாமி ப்ராஹ்மணம், நீருக்குள் இருப்பவன், நீர் அறியாதவன், நீரைச் சரீரமாக உடையவன், நீரை உள்ளிருந்து நியமிப்பவன் என்று நீரையே பெயர் சொல்லி அவனோடு சேர்த்துவிடுகிறது. ஆகவே இவ்வுடலை ‘என்னுடையது, நான் காய வைப்பேன்’ என்று சொல்வதற்கு வைணவனுக்கு இடமில்லை. பிறர் உடைமையைக் காக்கும் பொறுப்பு ஏற்றவன் அதனை உலரவிட்டு, உடையவனுக்கே அதனைக் காணிக்கை என்று சொல்லலாமோ?

இந்த வாதத்தை எல்லை மீறி இழுத்தால் அன்னத்தையும் விடலாகாது, உபவாசமே கூடாது என்று ஆகிவிடும். அது சரியன்று. பசித்திருந்து பகவானை நினைப்பதால் உடலும் உள்ளமும் இலேசாவதைப் பெரியோர் கண்டறிந்தே ஏகாதசியை விதித்தனர். மகாபாரதத்தின் உத்யோக பர்வத்தில் விதுரர் திருதராஷ்டிரனுக்குச் சொன்ன நீதிகளில், விரதத்தைக் கெடுக்காதவை எட்டு என்று ஒரு கணக்கு வருகிறது. கிழங்கு, பழம், பால், குருவின் வார்த்தை, மருந்து என்று தொடரும் அவ்வெட்டில் முதலாவதாக நிற்பது நீர். நீரும் இல்லாத நிர்ஜல ஏகாதசியும் உண்டே எனின், ஆனி மாதத்தையொட்டி வரும் அது யாருக்காக ஏற்பட்டது என்று புராணம் சொல்வதையும் பார்க்க வேண்டும். ஆண்டின் எல்லா ஏகாதசியிலும் பட்டினி கிடக்க இயலாத பீமசேனனுக்கு வியாசர் காட்டிய வழி அது. கதையைத் தூக்கும் தோளுடைய ஒருவனுக்குச் சொன்னதை, கைத்தடி ஊன்றி நிற்கும் பாட்டிக்கு யார் மாற்றி வைத்தது? எட்டு வயதுக்கு உட்பட்டோரையும் எண்பதைக் கடந்தோரையும் ஏகாதசி உபவாசத்திலிருந்தே விலக்கும் வழக்கும் சாஸ்திரத்தில் உண்டு. சாஸ்திரம் காட்டிய இரக்கத்தை அனுஷ்டானம் மறந்துவிடுகிறது.

எதிர்ப்புறத்திலும் ஓர் உண்மை இருக்கிறது. நீரைக் கட்டுப்படுத்தியே வாழ வேண்டியவரும் உண்டு. சிறுநீரகம் செயலிழந்து டயாலிஸிஸ் செய்துகொள்வோர்க்கும், இதயம் தளர்ந்தோரில் சிலர்க்கும், மருத்துவர் நாளுக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுக்கிறார். அளவுக்கு மீறிய நீர் இரத்தத்தின் உப்பைத் தாழ்த்தி மூளையை வீங்கச் செய்வதும் உண்டு. இவர்கள் ஒரு தம்ளர் நீரை நாள் முழுவதும் பங்கிட்டு நாவை நனைத்துக்கொள்கின்றனர். இவர்கள் காக்கும் நிர்ஜலம் ஏகாதசிக்கு மட்டும் உரியதன்று. அதற்கு வரிசையும் இல்லை, பாரணையும் இல்லை. பார்ப்பவர் மெச்சுவதும் இல்லை.

இனி மருமகளின் கையில் உள்ள சொம்பு. அவள் செய்யத் தகாதது ஒன்று உண்டு. தெரியாமல் பானகத்திலோ மருந்திலோ நீரைக் கலந்து ஏமாற்றிக் கொடுத்தல் சில இல்லங்களில் நடைபெறுகிறது. விரதம் பெரியவருடையது, அவர் அறியாமல் அதனை அவிழ்ப்பதற்கு அன்பும் உரிமை தராது. கேலி செய்வதும் தகாது. நாற்பதாண்டு நியமத்தை ‘மூடப் பழக்கம்’ என்ற ஒரு சொல்லால் தள்ளுவோர், அந்நியமம் அப்பெண்மணியின் எத்தனை துயரங்களைத் தாங்கி நின்றது என்பதை அறியார். சொல்ல வேண்டியதைச் சொல்லும் நேரம் ஏகாதசி நண்பகல் அன்று; அப்போது கேட்கும் அறிவே நீருக்கு ஏங்கிக்கொண்டிருக்கிறது. தசமிக்கு முன்பே, அமைதியான வேளையில், உத்தாலகரையும் விதுரரையும் முன்வைத்து, இயன்றால் அவர் மதிக்கும் ஆசார்யரின் வாக்கைக் கொண்டே பேச வேண்டும். குருவின் வார்த்தை என்பதும் அந்த எட்டில் ஒன்று. ஆனால் பேச்சுக் குழறி நினைவு தடுமாறத் தொடங்கிவிட்டால் அங்கே விவாதத்திற்கு இடமில்லை. நினைவுள்ளவரை உட்கார வைத்து நீர் கொடுக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் ஊற்றினால் அது மூச்சுக்குழலில் புகும், ஆகவே மருத்துவமனைக்கே கொண்டுசெல்ல வேண்டும்.

தாகத்திற்கும் நியமத்திற்கும் இடையே நின்ற பெரியவர் ஒருவர் வைணவ மரபிலேயே இருக்கிறார். ஸ்ரீராமாநுஜரின் மாமாவான திருமலை நம்பி, திருவேங்கடமுடையானின் திருவாராதனத்திற்காகப் பாபவிநாசத்திலிருந்து நாள்தோறும் குடத்தில் நீர் சுமந்து வந்தார். முதிர்ந்த பருவம்; மலைவழி. ஒருநாள் வேடச் சிறுவன் ஒருவன் பின்னால் வந்து, தாத்தா, தாகமாயிருக்கிறது, நீர் தாரும் என்று கேட்டான். இது எம்பெருமானுக்கு உரியது, தர இயலாது என்று நம்பி நடந்தார். அவர் பிடித்த நியமத்தில் குற்றம் காண்பார் யார்? சிறுவனோ பின்னாலேயே வந்து, அம்பால் குடத்தைத் துளைத்து, ஒழுகிய நீரை வாய் வைத்துப் பருகினான். பாரம் குறைந்ததை உணர்ந்து திரும்பிய நம்பி, அன்றைய கைங்கர்யம் கெட்டதே என்று கலங்கினார். சிறுவன் மலையில் அம்பெய்து அருகிலேயே ஓர் அருவியைக் காட்டி மறைந்தான் என்பர். ஆகாச கங்கை என்னும் அந்த அருவியிலிருந்தே இன்றும் திருவேங்கடமுடையானுக்குத் தீர்த்தம் வருகிறது. அத்யயனோத்ஸவம் நிறைவுற்றதும் தண்ணீரமுது உத்ஸவம் என்ற பெயரால் இந்நிகழ்ச்சி திருமலையில் கொண்டாடப்படுகிறது. அன்று நம்பியின் குடம் வெறுமையாயிற்று. ஆயினும் அந்நீர் யாருக்கென்று சுமக்கப்பட்டதோ அவனே அதனை வழியில் பருகிவிட்டிருந்தான்.